ஆடிய ஸ்டூல், எட்டு மூட்டு: ஒரு பழுதுபார்ப்பின் முழு விவரம்

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் என் அக்கா வீட்டு அடுப்படியில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அக்கா மகன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் செய்தது. அவன் கையால் செய்த முதல் சாமான். ஜூலையில் செய்தான். டிசம்பர் வரை கல் மாதிரி நின்றது. ஜனவரியில் ஆட ஆரம்பித்தது. பெப்ரவரி நடுவில் ஒரு நாள் அதில் உட்கார்ந்திருந்த என் அம்மா பக்கவாட்டில் சரிந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அடி ஒன்றும் இல்லை. அன்றிரவே மருமகன் எனக்குப் போன் எடுத்தான். "மாமா, இத அடுப்புல வச்சிரவா?"

வேண்டாம், நான் வரும்வரை ஒன்றும் செய்யாதே என்றேன். அடுத்த மூன்று சனி ஞாயிறுகள் ஹட்டனில் இருந்து போய்வந்து, அவனும் நானுமாக அந்த ஸ்டூலைப் பிரித்து, அளந்து, திரும்பப் பூட்டினோம். புதிதாக மரவேலை பழகுகிற யாருக்கும் முதல் சாமானில் மூட்டு தளரும். உடனே பசையை ஊற்றி, ஆணி அடித்து, அதுவும் நிற்காமல் போய், மனம் விட்டுப்போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நாங்கள் பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

சாமானும் மரமும்

நாற்பது சென்ரிமீற்றர் உயரம், நான்கு கால், நான்கு சட்டம், மேலே ஒரு பலகை. கால்கள் 45 மில்லிமீற்றர் சதுரம். சட்டங்களின் தடிப்பு 25, அகலம் 50. முன் சட்டமும் பின் சட்டமும் மேலே, பக்கச் சட்டங்கள் அவற்றுக்குக் கீழே. ஒரே காலுக்குள் இரண்டு கழுந்து இடித்துக்கொள்ளாமல் இருக்க இப்படி ஏற்றி இறக்கி வைத்திருந்தான். முதல் வேலைக்கு அது நல்ல யோசனை.

கழுந்து என்பது சட்டத்தின் நுனியில் விடுகிற நாக்கு. காலில் உளியால் எடுக்கிற துளைக்குள் அது போய் உட்காரும். நாக்கின் இரண்டு அகன்ற பக்கங்களைக் கன்னம் என்போம். சட்டம் நாக்காகக் குறுகுகிற இடத்தில் இருக்கிற படி, தோள். அவனிடம் இருந்தது 12 மில்லிமீற்றர் உளி ஒன்று. துளை அகலம் 12, கழுந்துத் தடிப்பு 12, கழுந்து அகலம் 50. முன் பின் சட்டங்களின் கழுந்து காலுக்குள்ளேயே 30 மில்லிமீற்றரில் நிற்கும். பக்கச் சட்டங்களின் கழுந்து காலை ஊடுருவி மறுபக்கம் தெரியும். மொத்தம் எட்டு மூட்டு.

மரம் சவுக்கு. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் கடற்கரைச் சவுக்கை நினைப்பார்கள். மலையகத்தில் நாங்கள் சவுக்கு என்பது தேயிலைக்கு நிழலுக்காக வைத்த மரத்தை. பன்னத்தின் இலை மாதிரிக் கீற்றுக் கீற்றாக, அடியில் வெள்ளி நிறமாக இருக்குமே, அது. கிரெவிலியா என்பது அதன் பெயர். அறுத்துச் சீவினால் சில பலகைகளில் மீன் செதில் போலப் பளபளப்பு வரும், பார்க்கவே அழகு. அதன் தூள் சிலருக்குத் தோலில் சொறியைக் கிளப்பும். நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வது நல்லது.

பலகை ஜூன் முதல் வாரம் மர மடுவத்தில் அறுத்து வாங்கியது. ஜூலை கடைசியில் ஸ்டூல் முடிந்துவிட்டது. மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும், துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தில் இரண்டு மாதம்கூட ஆகாத பலகை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டிசம்பரில் குளிர் ஏறியதும் அம்மா ஸ்டூலை முன் அறையில் இருந்து அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டார். விறகு அடுப்புக்கு இரண்டடி தள்ளி, காலையும் மாலையும் அதில்தான். ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

அதற்கு முன் நடந்த வைத்தியம்

ஜனவரி கடைசியில் மருமகன் தானே ஒருமுறை சரிசெய்து பார்த்திருக்கிறான். ஒரு இரவில் எல்லா மூட்டிலும் தோளுக்கும் காலுக்கும் இடையில் தெரிந்த வெடிப்புக்குள் வெள்ளை வூட் கம்மை விட்டு, விரலால் அழுத்தி, கயிற்றால் கட்டிவைத்தான். அடுப்புப் பக்கம் இருந்த ஒரு மூட்டுக்கு வெளியில் இருந்து இரண்டங்குல ஆணியும் அடித்தான். பத்து நாள் நின்றது.

ஏன் நிற்கவில்லை என்பது பிரித்ததும் தெரிந்தது. பசை கழுந்தின் கன்னத்துக்குப் போகவே இல்லை. தோளின் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டையாக நின்றது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரித் தூளாக உதிர்ந்தது. ஜனவரி இரவில் கந்தப்பளையில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிரில் வெள்ளைப் பசை ஒட்டும் படலமாக மாறுவதில்லை. அதில் உள்ள தண்ணீர் போய்விடும், மிச்சம் மாவாக நிற்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்து காய்ந்தால் நல்ல பசை. வெள்ளையாகவே காய்ந்தால் அது பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு அந்தப் பசைக்கு இடைவெளியை நிரப்பும் வேலையும் தெரியாது. மரமும் மரமும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஒரு தாள் அளவுகூட இடம் இல்லாத இடத்தில் அது மரத்தைவிடப் பலமாகப் பிடிக்கும். அரை மில்லிமீற்றர் பள்ளத்தில் ஊற்றினால் காயும்போது சுருங்கி, உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும்.

ஆணி விஷயம் இன்னும் மோசம். மரம் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் அசையும், இரும்பு அசையாது. ஆணியைச் சுற்றி மரம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, ஓட்டை பெரிதாகி, கடைசியில் ஆணி இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். குறடால் அதை இழுத்தபோது கழுந்தில் நீளவாக்கில் ஒரு கீறலும் விழுந்திருந்தது தெரிந்தது.

அம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "அடுப்புக்கிட்ட காஞ்சு போயிருக்கு. ராவுல தண்ணித் தொட்டியில போட்டு வையிங்க, இறுகிடும். நாங்க மம்பட்டிப் பிடிய அப்படித்தான செய்வோம்." முப்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மலையில் மம்பட்டிப் பிடியோ, மண் கிளறுகிற முள்ளுப் பிடியோ கழன்றால் தண்ணீர்க் கானில் ஊறப்போட்டு மறுநாள் எடுத்துப்போவது எல்லாருக்கும் தெரிந்த வழி. அன்றைய வேலைக்கு அது சரியாகவே இருக்கும்.

ஆனால் நாற்காலி, ஸ்டூல் மூட்டுக்கு அது ஆகாது. ஊறிய மரம் உப்பும்போது துளைச் சுவர் அதை உப்பவிடாது. உப்ப இடமில்லாமல் மரத்தின் நுண்ணிய குழாய்கள் நசுங்கும். நசுங்கியவை திரும்ப எழுவதில்லை. காயும்போது முன்பு இருந்த அளவுக்கும் கீழே அது சுருங்கிவிடும். இன்று இறுகியது அடுத்த வெயிலில் இன்னும் தளரும், திரும்ப ஊறப்போட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். மம்பட்டிப் பிடி ஏன் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவருகிறது என்பதற்கும் இதுவே காரணம் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, கங்காணி ஒவ்வொரு வருசமும் புதுப்பிடி குடுப்பாரு" என்றார்.

பிரித்ததும் அளந்ததும்

முதல் வேலை, மூட்டுகளுக்கு எண் போட்டது. பென்சிலால் காலிலும் சட்டத்திலும் 1 முதல் 8 வரை. முன் பின் சட்டங்களுடையவை 1 முதல் 4, ஊடுருவிய பக்கச் சட்டங்களுடையவை 5 முதல் 8. எண் போடாமல் பிரித்தால் எந்தக் கழுந்து எந்தத் துளைக்குரியது என்று பிறகு தெரியாது. கையால் செய்த வேலையில் ஒன்று மற்றதன் துளைக்குப் பொருந்தாது.

ஐந்து மூட்டு கையால் ஆட்டி இழுத்ததிலேயே வந்துவிட்டன. மிச்ச மூன்றுக்கும் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கால்மணி நேரம் வைத்தோம். ஊசி போடுகிற சிரிஞ்சில் சூடான வினாகிரியைத் தோள் ஓரமாகச் செலுத்தினோம். வெள்ளைப் பசை சூட்டுக்கும் வினாகிரிக்கும் இளகும். கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) ஒரு கட்டையை வைத்துத் தட்ட, வந்துவிட்டன. பழைய பசையை உளியின் முனையால் சுரண்டி, வெந்நீர்த் துணியால் துடைத்தோம். இதில் சோம்பல் படக்கூடாது. காய்ந்துபோன வெள்ளைப் பசைமேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. அது மரத்தைத் தொட வேண்டும்.

இரண்டு நாள் காயவிட்டு அளந்தோம். நுண்ணளவு எடுக்கிற வேர்னியர் இல்லை. சாதாரண 80 கிராம் போட்டோகொப்பித் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். தாளை விரலகலக் கீற்றுகளாக வெட்டி, கழுந்தைத் துளைக்குள் விட்டு, கன்னத்தோடு சேர்த்து ஒவ்வொரு கீற்றாக நுழைத்தோம். எத்தனை தாளில் இறுகுகிறதோ அத்தனை பத்திலொரு மில்லிமீற்றர் இடைவெளி.

கன்னப் பக்கம் 1ஆம், 6ஆம் மூட்டுகளில் ஒரு தாள்கூடச் சிரமப்பட்டுத்தான் போனது. 3, 5, 8இல் மூன்று தாள். 2இலும் 7இலும் ஆறு தாள். 4ஆம் மூட்டு விசித்திரமாக இருந்தது. வாய்ப்பக்கம் ஏழெட்டுத் தாள் போகிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை. அடுப்புக் கரியைக் கழுந்தில் தேய்த்து, துளைக்குள் விட்டு எடுத்துப் பார்த்தோம். கரி துளையின் உள்முனையில் மட்டும் அப்பியிருந்தது. துளை கூம்பு மாதிரி வாய் அகன்றிருக்கிறது என்று புரிந்தது. உளியை நிமிர்த்தி வெட்டாமல் நெம்பி நெம்பிச் செத்தை எடுத்தால் வாய் இப்படித்தான் அகலும்.

மேல் கீழ்ப் பக்கம் அளந்தபோது வேறு கதை. எட்டு மூட்டிலும் இடைவெளி. நல்ல மூட்டு என்று நினைத்த 1இலும் 6இலும்கூட. அடுப்பைப் பார்த்த கால்களில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், தள்ளியிருந்த கால்களில் அரை.

மருமகன் சோர்ந்துவிட்டான். "எட்டும் பிழையா மாமா?" என்றான். இல்லை. இரண்டு வேறு பிழைகள் ஒரே மூட்டில் சேர்ந்திருந்தன.

இடைவெளி நிற்கிற பக்கம்

இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். மூட்டில் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். காரணம் அதில் இருக்கிறது.

மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. குறுக்கே நன்றாகச் சுருங்கும். பச்சையாக இருந்து காயும்போது, ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகு அது தொடங்கும். வேலைக்கு வசதியான கணக்கு ஒன்று: ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் மரத்தின் வளர்ச்சி வளையத்தைச் சுற்றிய திசையில் ஏறக்குறைய கால் சதவீதம் சுருக்கம். நடுவில் இருந்து வெளியே போகிற ஆரத் திசையில் அதில் பாதியோ அதற்கும் குறைவோ.

இப்போது கழுந்தைப் பாருங்கள். அதன் 50 மில்லிமீற்றர் அகலம் சட்டத்தின் குறுக்கே இருக்கிறது, சுருங்கும். அது உட்காரும் துளையின் 50 மில்லிமீற்றர் நீளமோ காலின் நீளவாக்கில் இருக்கிறது, சுருங்காது. ஆகவே மரம் காயக் காய மேலும் கீழும் இடைவெளி விழுந்தே தீரும். எவ்வளவு திறமையான மரவேலை பாஸ் செய்தாலும் விழும். கன்னப் பக்கம் அப்படி இல்லை. கழுந்தின் 12 மில்லிமீற்றரும் துளையின் 12 மில்லிமீற்றரும் இரண்டுமே குறுக்கு. இரண்டும் சேர்ந்து சுருங்கும், பெரிய வித்தியாசம் வராது. அப்படியானால் கன்னத்தில் ஆறு தாள் இடைவெளியை மழையும் அடுப்பும் உண்டாக்கியிருக்க முடியாது. அது முதல் நாளே இருந்திருக்கிறது.

ஈரக் கணக்கைச் சோதித்தும் பார்த்தோம். அதே பலகையின் மிச்சத் துண்டுகள் வீட்டில் கிடந்தன. ஒன்று பின் இஸ்தோப்பில் (வராந்தாவில்) நனையாத மூலையில், ஒன்று அடுப்படிப் பரணில். இஸ்தோப்புத் துண்டில் 236 கிராம் வரும்படி ஒரு கட்டையையும், பரண் துண்டில் 220 கிராம் வரும்படி ஒன்றையும் அறுத்து, அக்கா கேக் சுடுகிற அவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காய்ச்சினோம். இரண்டும் 200 கிராமில் வந்து நின்றன. காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஒன்றில் 18 சதவீதம் ஈரம், மற்றதில் 10. எட்டு சதவீத வித்தியாசம். கால் சதவீதம் வீதம் பார்த்தால் இரண்டு சதவீதச் சுருக்கம், 50 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். அடுப்பைப் பார்த்த கால்களில் நாங்கள் அளந்ததும் அதுதான். மருமகன் அந்தக் கணக்கைக் கொப்பியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

கன்னப் பிழை எங்கே வந்தது? அவனை அறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோட்டின் மேலேயே வாளை வைத்தான். அவன் வாள் ஒருமுறை போனால் 1.2 மில்லிமீற்றர் மரத்தைத் தின்கிறது. கோட்டின் நடுவில் போனால் பாதி, அதாவது 0.6, கழுந்தின் பக்கம் போய்விடும். ஆறு தாள்! வாள் எப்போதும் கழிக்கப்போகிற துண்டின் பக்கம் போக வேண்டும், கோடு கழுந்தில் மிஞ்ச வேண்டும். மூன்று தாள் மூட்டுகளின் காரணமும் தெரிந்தது. அறுத்தபின் "மட்டமா இருக்கட்டும்னு" சாண்ட் பேப்பர் போட்டிருக்கிறான். கையால் தேய்க்கும்போது விளிம்புகள்தான் முதலில் கரையும், கன்னம் வயிறு வைத்த மாதிரி ஆகிவிடும். கழுந்துக்கு உளியும் சீவுளியும் போதும்.

எந்தப் பக்கத்தை அடைப்பது என்பதும் இதில் இருந்தே வருகிறது. மூட்டின் பலம் கன்னத்தில்தான். அங்கே சட்டத்தின் நீள நாரும் துளைச் சுவரின் நீள நாரும் முகத்தோடு முகம் வைக்கின்றன, பசை அங்கேதான் பிடிக்கும். அந்த இடைவெளிக்குக் கட்டாயம் மரம் வைத்தாக வேண்டும். துளையின் மேல் கீழ் முனைகளில் இருப்பது நாரின் வெட்டுமுகம். பசை அங்கே உறிஞ்சப்பட்டுவிடும், பெரிதாகப் பிடிக்காது. அந்த இடைவெளியைப் பசையால் அடைத்து ஒரு பயனும் இல்லை. ஆப்பு வைத்தால் பயன் உண்டு.

சரிசெய்தது

2ஆம், 7ஆம் மூட்டுகளில் தொடங்கினோம். மிச்சப் பலகையில் இருந்து இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் தகடு அறுத்து, கழுந்தின் கன்னத்தில் ஒட்டினோம். முதல் தகட்டை அவன் நார் குறுக்காக வரும்படி ஒட்டிவிட்டான். மறுநாள் உளியை வைத்ததும் பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்தது. நார் கழுந்தோடு ஒரே திசையில் ஓட வேண்டும். எந்தக் கன்னத்தில் ஒட்டுவது என்பதும் முக்கியம். அறுவை எந்தப் பக்கம் கோட்டைத் தின்றதோ அந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டினால் சட்டம் காலின் முகத்தில் இருந்து விலகி நிற்கும்.

ஒட்டியதன் மேல் சொப்பிங் பேக் துண்டு ஒன்று, அதன் மேல் தட்டையான கட்டை, அதன் மேல் இறுக்கி (கிளாம்ப்). பிளாஸ்டிக் இல்லாவிட்டால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க விட்டோம். அப்புறம் உளியை மல்லாக்க வைத்து, நாருக்குக் குறுக்காக, தாள் மாதிரிச் சீவிச் சீவி இறக்கினோம்.

இந்த இடத்தை அவசரப்படாமல் சொல்ல வேண்டும், முழு வேலையும் இங்கேதான் நிற்கிறது. இரண்டு சீவல் எடுத்ததும் துளையில் வைத்துப் பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் அடிக்கக் கூடாது. எடுத்துப் பார்த்தால் இடித்த இடம் மினுமினுப்பாகத் தெரியும். அந்த மினுமினுப்பை மட்டும் எடுக்க வேண்டும், திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 7ஆம் மூட்டுக்கு இப்படிப் பதினான்கு முறை வைத்து எடுத்தோம். பதினைந்தாவது முறை, கையால் அழுத்தினால் பாதிவரை வழுக்கிப் போனது. மிச்சத்துக்குக் கொட்டாப்புளியால் மெதுவாக மூன்று தட்டு. தலைகீழாகப் பிடித்தால் சட்டம் தன் பாரத்தில் விழவில்லை, ஆட்டி இழுத்தால் கையோடு வந்தது. அதுதான் அளவு. அதைவிட இறுக்கமாக விட்டால் பசையில் உள்ள தண்ணீருக்குக் கழுந்து உப்பி நடுவழியில் மாட்டும். அல்லது பசை முழுவதையும் துளை வாய் வழித்துவிடும், உள்ளே காய்ந்த மரம்தான் போகும். அடித்து இறக்கினால் கால் பிளக்கும்.

3, 5, 8க்குத் தகடு தேவைப்படவில்லை. சீவுளியின் அலகைக் கொஞ்சம் அதிகம் இறக்கித் தடித்த சீவல் எடுத்தோம். சுருண்டு வந்ததை லேசாக ஈரம் தொட்டு, அவனுடைய பௌதிகப் புத்தகத்துக்குள் வைத்து நிமிர்த்தினோம். வயிறு வைத்த கன்னத்தை முதலில் உளியால் மட்டமாக்கி, பிறகு சீவலை ஒட்டினோம். மட்டமாக்காமல் ஒட்டினால் சீவலும் வயிற்றோடு வளைந்து போகும். ஆணி பிளந்த கழுந்து 5ஆம் மூட்டுடையது. அந்தக் கீறலுக்குள் மெல்லிய தகட்டால் பசையைத் தள்ளி, இறுக்கி வைத்ததில் மூடிக்கொண்டது.

4ஆம் மூட்டின் கூம்பு வாயை எப்படி எடுப்பது என்று கொஞ்சம் யோசித்தோம். துளைச் சுவரில் ஆப்பு வடிவத் துண்டு ஒட்டித் திரும்ப வெட்டலாம். புதிதாகப் பழகுகிறவனுக்கு அது கடினம். துளைக்குள் உளி சரியாக நிற்காது. இந்த ஒரு மூட்டுக்கு மட்டும் அரல்டைட் என்ற எபொக்சிப் பசையின் இரண்டு டியூப்பையும் கலந்து, மெல்லிய மரத்தூள் சேர்த்து வைத்தோம். அது வெள்ளைப் பசை மாதிரித் தண்ணீர் இழந்து சுருங்குவதில்லை, பள்ளத்தை நிரப்பியபடியே கெட்டியாகும். எல்லா மூட்டுக்கும் அதையே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம், நிற்கும். பத்து வருஷம் கழித்து யாராவது இந்த ஸ்டூலைப் பிரித்துப் பழுதுபார்க்க நினைத்தால் லேசில் பிரிக்க முடியாது. எனக்கு அது பிடிக்காது.

ஊடுருவிய நான்கு மூட்டுகளுக்கும் ஆப்பு. காலின் வெளிமுகத்தில் துளையை மேலும் கீழும் ஒன்றரை மில்லிமீற்றர் சரிவாக அகட்டினோம். கழுந்தின் நுனியில் இரண்டு வாள்வெட்டு, கழுந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம். வெட்டு முடியுமிடத்தில் மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று, பிளவு அதைத் தாண்டி ஓடாமல் இருக்க. வாள்வெட்டு காலின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு கழுந்தை மேலும் கீழும் விரிக்கும், துளையின் வெட்டுமுகத்தில் போய் அழுத்தும். காலின் நாரோடு ஒரே திசையில் ஆப்பு அடித்தால் அது விறகு பிளக்கிற வேலை. ஆப்புக்கு நல்ல காய்ந்த, கெட்டி மரம் வேண்டும். பின்னால் ஒரு உடைந்த முள்ளுப் பிடி கிடந்தது. பத்து வருஷப் புகையில் காய்ந்தது. அதில் எட்டு ஆப்புச் சீவினோம்.

உள்ளே நிற்கும் மூட்டுகளில் 2, 3, 4க்கு மரமுளை, அதாவது மரத்தால் ஆன ஆணி. கழுந்து இல்லாமல் காலில் ஆறு மில்லிமீற்றர் துளை போட்டு, கழுந்தை உள்ளே விட்டு, துளைமுனையால் கன்னத்தில் புள்ளி குத்தி, வெளியே எடுத்து, புள்ளியில் இருந்து ஒரு மில்லிமீற்றர் தோள் பக்கம் தள்ளிக் கழுந்தில் துளை போட்டோம். முளையை அடிக்கும்போது அந்த ஒரு மில்லிமீற்றர் கழுந்தை உள்ளே இழுக்கும், தோள் காலோடு ஒட்டி உட்காரும். தோள் பக்கம் தள்ள வேண்டியதை எதிர்ப்பக்கம் தள்ளினால் மூட்டு வெளியே தள்ளப்படும், கவனம். முளையை வாளால் அறுக்காமல் பிளந்து எடுத்தோம். பிளந்ததில் நார் முழுநீளம் ஓடும். 1ஆம் மூட்டுக்கு முளை போடவில்லை. நல்ல மூட்டு, பசையே போதும் என்று நான்தான் சொன்னேன்.

பூட்டியது ஒரு ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு. எல்லாத் துண்டுகளையும் காலையில் இருந்து அடுப்படியில் வைத்து, தொட்டால் குளிராத அளவுக்கு ஆக்கியிருந்தோம். பசையைத் துளைச் சுவரிலும் கன்னத்திலும் பிரஷ்ஷால் தடவினோம். நீள இறுக்கிகள் இல்லை. நைலோன் கயிற்றை நான்கு காலையும் சுற்றி இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினோம். ஒவ்வொரு முறுக்குக்கும் கயிறு முனகியது, தோள்கள் ஒவ்வொன்றாக மூடின, நாலு பக்கமும் பசை முத்து முத்தாக வெளியே வந்தது. அந்த முத்துகளைப் பார்த்ததும்தான் மருமகன் சிரித்தான். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக்கி, முளையையும் ஆப்பையும் அடித்து, ஒரு நாள் முழுக்க அடுப்படியிலேயே விட்டோம்.

பிறகு பார்த்தது

ஜூலையில், நல்ல மழையில், போய் ஆட்டிப் பார்த்தேன். எட்டும் அசையவில்லை. ஊடுருவிய கழுந்துகளின் நுனியை மார்ச்சில் காலோடு சமமாகச் சீவியிருந்தோம். இப்போது விரலை ஓட்டினால் நுனி ஒரு நூல் அளவு உள்ளே போயிருந்தது. கால் ஈரத்துக்குக் குறுக்கே பருத்திருக்கிறது, கழுந்து நீளவாக்கில் பருக்கவில்லை. அடுத்த பெப்ரவரியில் தடவியபோது திரும்பச் சமமாக இருந்தது.

அந்தப் பெப்ரவரியில் 1ஆம் மூட்டு மட்டும் உட்காரும்போது லேசாக முனகியது. நான் முளை வேண்டாம் என்று சொன்ன மூட்டு. அது அடுப்பைப் பார்த்த கால். அங்கே மேல் கீழ் இடைவெளியை நாங்கள் எதுவும் செய்யாமல் விட்டிருந்தோம். அதற்கும் ஒரு முளை அடித்தோம். இந்த முறை கழுந்தை வெளியே எடுக்க முடியாததால் நேராகத் துளைத்து அடித்த முளைதான். முனகல் நின்றுவிட்டது.

மருமகன் இப்போது இரண்டாவது ஸ்டூலுக்கு மரம் வாங்கியிருக்கிறான். அதே சவுக்கு, நான்கு துண்டு. அடுப்படிப் பரணில், இடையில் குச்சி வைத்து அடுக்கியிருக்கிறான். ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் திகதியும் எடையும். வாரம் ஒருமுறை அக்காவின் தராசில் வைத்து எழுதுகிறான். போன ஞாயிறு நான் போனபோது முதல் துண்டில் 2140, 2065, 2010, 1975 என்று நான்கு வரி இருந்தது. "வெட்டலாமா மாமா?" என்றான். இன்னும் குறைந்துகொண்டே இருக்கிறது பார் என்றேன். திரும்பப் பரணில் ஏற்றி வைத்தான்.